முதல் பருவத்திலேயே ஒரு மனு எழுதட்டும்



சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி பரவியதும் வீட்டுக்கு ஒரு பெரியப்பா வருவார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பழைய கிரயப் பத்திரம், பட்டா நகல், பங்காளி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். "நீதான் வக்கீலுக்குப் படிக்கப் போறியே தாயி, இதைக் கொஞ்சம் பாரு" என்பார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் வகுப்பே தொடங்கியிருக்காது. "அவ படிச்சு முடிக்க அஞ்சு வருஷம் ஆகும்ண்ணே" என்று அப்பா குறுக்கே வந்து காப்பாற்றுவார்.

பெரியப்பாவின் அவசரத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவர் எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. கொடுத்த காகிதத்தைப் படிக்க வேண்டும். என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் எந்த இடம் பொருந்தும் என்று தேட வேண்டும். கடைசியில் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். வக்கீல் வேலையின் சாரமே இந்த நான்கும்தான். இவற்றில் எத்தனையை நம் கல்லூரிகள் முதல் ஆண்டிலேயே தொடங்கிவைக்கின்றன? இந்த இதழின் முதன்மைக் கட்டுரைகள் சட்டக் கல்வியைப் பற்றியவை என்பதால், அந்தக் கேள்வியையே இந்தப் பக்கத்தில் உங்களோடு பேச எடுத்துக்கொள்கிறேன்.

முதலாண்டு வகுப்பு பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்பது சட்டம் படித்த வாசகர்களுக்குத் தெரியும். ஆசிரியர் பிரிவை வாசிப்பார், விளக்குவார், ஒன்றிரண்டு வழக்குகளின் பெயரைச் சொல்வார். மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் கைடும் பழைய வினாத்தாளும் கைக்கு வரும். செல்லத்தக்க ஒப்பந்தத்தின் கூறுகளை விளக்கச் சொல்லி ஒரு பெரிய வினா, நான்கைந்து சிறு வினாக்கள். எழுதிய விடைத்தாள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்; மதிப்பெண் மட்டும் திரும்பி வரும். எந்த வாதம் நன்றாக நின்றது, எது நழுவியது என்று அந்த மாணவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அடுத்த பருவத்திலும் அதே நழுவல் தொடரும்.

ஆசிரியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரே நாளில் பல வகுப்புகளுக்குள் ஏறி இறங்குகிறார்கள். பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும். பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர்களின் தோளில்தான் கல்லூரியே நடக்கிறது. அவர்களுக்குக் கிடைத்திருக்கும் அமைப்பு, சொல்லிக்கொடுத்து முடிப்பதற்காக உருவானது. மாணவர் செய்து பார்ப்பதற்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

மனப்பாடத்தை நம்பிய படிப்பு எவ்வளவு சீக்கிரம் காலாவதி ஆகும் என்பதற்கு அண்மையில் ஒரு பெரிய சான்று கிடைத்தது. 2024 ஜூலை 1 அன்று, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 இப்போது 103. சினிமா வசனம் வரைக்கும் புழங்கிய 420 இப்போது 318-க்குள் ஓர் உட்பிரிவு. எண்ணை மட்டும் மனத்தில் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. ஆனால், ஏமாற்றுதல் என்ற குற்றம் நிறைவேற எவையெல்லாம் தேவை, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததா, பொருள் கைமாறியதா என்று பிரித்துப் பார்க்கப் பழகியவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. அந்த வரையறை ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. சட்ட வாசகத்தை உடைத்துப் படிக்கும் பழக்கம் முதலாண்டில் கைவந்துவிட்டால், நாடாளுமன்றம் எத்தனை முறை எண்ணை மாற்றினாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

சட்ட வகுப்பை மாற்றும் முயற்சி புதியதல்ல. 1870-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராக வந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், விரிவுரையை ஓரம்கட்டிவிட்டு நீதிமன்றத் தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஒப்பந்த வழக்குகளைத் தொகுத்துப் பாடநூலாக்கினார். மாணவர் தீர்ப்பைப் படித்து வர வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்டுக் கேட்டு அதன் உட்கருத்தை வெளியே கொண்டுவருவார். அந்த முறை அமெரிக்கா முழுக்கப் பரவியது. தில்லி பல்கலைக்கழகச் சட்டப் புலம் 1960களில் அதை இந்தியாவுக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது. 1980களின் இறுதியில் என்.ஆர்.மாதவ மேனன் தலைமையில் பெங்களூரில் தொடங்கிய தேசிய சட்டப் பள்ளி, ஐந்தாண்டுப் படிப்பில் விவாதத்தையும் மாதிரி நீதிமன்றத்தையும் வகுப்பின் நடுவுக்குக் கொண்டுவந்தது.

லாங்டெல் முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. தீர்ப்பில் வரும் மனிதர்கள் ஏற்கெனவே கதை முடிந்தவர்கள். அவர்களின் கண்ணீரும் குழப்பமும் பொய்யும் வடிகட்டப்பட்டு, மேல்முறையீட்டு நீதிபதி எழுதிய சுருக்கம் மட்டுமே மாணவரிடம் வருகிறது. மருத்துவர்களைப் போல வக்கீல்களுக்கும் நேரடிப் பயிற்சிக்கூடம் ஏன் இருக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜெரோம் ஃப்ராங்க் 1933-லேயே கேட்டார். 2007-ல் கார்னகி அறக்கட்டளை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 16 சட்டப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. வழக்கறிஞரைப்போல் சிந்திக்க இந்தப் பள்ளிகள் மிக வேகமாகக் கற்றுத்தருகின்றன என்று அது பாராட்டியது. கூடவே, வழக்கறிஞரைப்போல் செயல்படுவதற்கும், தொழிலின் பொறுப்பை மனத்தில் ஏற்றுக்கொள்வதற்கும் போதிய இடம் இல்லை என்றும் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, எலெனா ககன் தலைமையில் ஹார்வர்டு தன் முதலாண்டுப் பாடத்தையே திருத்தி அமைத்திருந்தது. சட்டமியற்றலும் ஒழுங்குமுறையும் முதலாண்டுக்கு வந்தன. கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவரும் சிக்கலைக் குழுவாகத் தீர்த்துப் பார்க்கும் பயிற்சியும் பின்னர் சேர்ந்தது.

நம் நாட்டில் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வரைவெழுத்து, தொழில் நெறி, மாற்றுமுறைத் தகராறு தீர்வு, மாதிரி நீதிமன்றத்தோடு சேர்ந்த களப்பயிற்சி. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் களப்பயிற்சி வேண்டும் என்றும் விதி சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இந்தத் தாள்கள் பெரும்பாலும் படிப்பின் பிற்பகுதியில்தான் வருகின்றன. அதற்குள் மாணவருக்குப் பரீட்சைக்குப் படிக்கும் பழக்கம் இறுகிவிடுகிறது. கடைசி ஆண்டில் திடீரென்று "பிராது எழுது" என்றால், அதற்கும் கைடைத்தான் தேடுவார்.

மருத்துவக் கல்வியில் இதே சிக்கல் இருந்தது. முதலாண்டு மாணவர் உடற்கூறியல் கூடத்திலேயே அடைந்துகிடப்பார். நோயாளியைப் பார்க்க இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 2019-ல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் அதை மாற்றியது. முதலாண்டிலேயே நோயாளிகளோடு அறிமுகம், நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கெனத் தனிப் பயிற்சி. முதலாண்டு மாணவர் சிகிச்சை அளிப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறார், கேட்கிறார். படிக்கும் பாடம் யாருக்காக என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சட்டத்துக்கும் இப்படி ஒரு முதலாண்டு வேண்டும்.

எப்படி? இனி சொல்பவற்றுக்குப் பெரிய செலவோ புதிய கட்டடமோ தேவையில்லை.

ஒப்பந்தச் சட்ட வகுப்பை ஒரு சலவைக்கடை ரசீதிலிருந்து தொடங்கலாம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் அச்சாகியிருக்கும். துணி தொலைந்தால் அதன் மதிப்பில் ஒரு பகுதிக்கு மட்டுமே கடை பொறுப்பு என்று ஒரு வரி. வாடிக்கையாளர் கொடுத்ததோ புதுப்புடவை. அது காணாமல் போய்விட்டது. ஆசிரியர் இவ்வளவை மட்டும் சொல்லிவிட்டு, வகுப்பை இரண்டாகப் பிரிக்கட்டும். ஒரு பாதி கடைக்காரருக்கு, மறுபாதி புடவைக்காரருக்கு. சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் பக்கத்தில் இருப்பவரோடு பேசி, வாதத்தைத் தயார்செய்யட்டும். கையெழுத்துப் போடாத காகிதம் ஒருவரைக் கட்டுமா? படிக்காமல் வாங்கிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாகுமா? கவனக்குறைவுக்குக் கடைக்காரர் முன்கூட்டியே விலக்கு வாங்கிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விகளை மாணவர்களே எழுப்புவார்கள். பிறகு, இது கற்பனையில்லை, 1960களில் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த லில்லி ஒயிட் எதிர் முனுசாமி வழக்கு என்று சொல்லித் தீர்ப்பைக் கொடுக்கலாம். அப்படியொரு நிபந்தனையை அனுமதித்தால், புதுத்துணியைத் தானே வைத்துக்கொண்டு சிறு தொகையைக் கொடுத்துக் கைகழுவக் கடைக்காரருக்கு வழி திறந்துவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் கவலை. பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்த வாசகம் செல்லாது என்ற கருத்தை இப்படிக் கற்றவர், அதைத் தேர்வுக்காக உருப்போட வேண்டியதில்லை.

ஒப்பந்தச் சட்டத்திலேயே நமக்கு நெருக்கமான வழக்குகள் வேறும் உண்டு. ஒரு தாய் தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதிவைக்கிறார். தன் சகோதரிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. மகளும் தன் சித்திக்கு அப்படியே எழுதிக் கொடுக்கிறார். பிறகு, "சித்தி எனக்கு எதுவும் தரவில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று மறுத்துவிடுகிறார். சின்னய்யா எதிர் ராமய்யா என்று பாடநூல்கள் குறிக்கும் இந்த வழக்கு, 1880களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது. வாக்குக்கு ஈடான மறுபயன் மூன்றாம் நபரிடமிருந்தும் வரலாம் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து விலகி நிற்கும் இடம் இதில் பளிச்சென்று தெரியும். 1919-ஆம் ஆண்டின் பால்ஃபர் வழக்கில் கணவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறை அதிகாரி. உடல்நலம் கருதி இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்ன வாக்கு, சட்டப்படியான ஒப்பந்தம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்குள் கொடுக்கும் வாக்கை நீதிமன்றம் கைவிட்டது சரியா என்று இன்றைய முதலாண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் விவாதம் ஓயாது.

அரசமைப்புச் சட்டத்துக்கு 1951-ஆம் ஆண்டின் செண்பகம் துரைராஜன் வழக்கு இருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடங்களையும் சமூகவாரியாகப் பங்கிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. தீர்ப்பை மட்டும் கொடுக்காமல், 1950-ல் இருந்தபடி 15, 16, 29, 46 ஆகிய உறுப்புகளை மாணவர் முன் வைக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் வாதாட வேண்டும் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்ய வேண்டும். சமூக நீதியில் அசையாத நம்பிக்கை உள்ள மாணவருக்கு மனுதாரர் பக்கம் வரலாம். ஒதுக்கீடு பிடிக்காதவருக்கு அரசுத் தரப்பு வரலாம். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தைத் தன் வாயால் சொல்லப் பழகியவரே தன் தரப்புக்கும் நன்றாக வாதாட முடியும். வீட்டிலும் வீதியிலும் சூடாகப் பேசப்படும் விஷயத்தை வகுப்பறையில் சட்ட வாசகத்தோடு நிதானமாகப் பேசும் அனுபவமும் அவருக்குக் கிடைக்கும்.

இவையெல்லாம் வகுப்புக்குள். வெளியே அழைத்துச் செல்ல எளிய வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். முதல் பருவத்தின் மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் தன் ஊரைப் பற்றி ஒரு மனு எழுதட்டும். எங்கள் தெரு விளக்குக்குக் கடந்த ஆண்டு எவ்வளவு செலவானது? ஏரி தூர்வாரிய ஒப்பந்தம் யாருக்குப் போனது? 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். அதாவது பருவம் முடிவதற்குள் வகுப்பில் பல விதமான பதில்கள் குவியும். சிலருக்கு முழுத் தகவல் வரும். சிலருக்கு "உரிய அலுவலருக்கு மாற்றி அனுப்பப்பட்டது" என்று வரும். சிலருக்கு 8-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பு வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. மறுப்புச் சரிதானா என்று விலக்குப் பிரிவைப் படிப்பதும், முதல் மேல்முறையீடு எழுதுவதும், கேள்வியைத் தெளிவில்லாமல் கேட்டதால்தான் தெளிவில்லாத பதில் வந்தது என்று கண்டுகொள்வதும் அடுத்த சில வாரங்களின் பாடம். வரைவெழுத்து, சட்ட வாசகத்துக்குப் பொருள் காணுதல், காலக்கெடு, மேல்முறையீடு ஆகிய நான்கும் ஒரே காகிதத்தில் அடங்கிவிடுகின்றன. மாணவரின் கையெழுத்துப் போட்ட முதல் சட்ட ஆவணமும் அதுவாகவே இருக்கும்.

அடுத்தது நீதிமன்றம். சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இருந்த காலத்தில், மாணவர் நடந்தே போய்க் கோர்ட் ஹாலில் உட்கார்ந்துவிடலாம். கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாறிய பிறகு அந்த வசதி இல்லை. ஆனால் முதலாண்டுக்குப் பொருத்தமான இடம் உயர் நீதிமன்றமும் அல்ல. அருகிலுள்ள மாவட்ட உரிமையியல் நீதிமன்றமும் குற்றவியல் நடுவர் நீதிமன்றமும்தான். திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய் அமரலாம். சும்மா பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். காலையில் எத்தனை வழக்குகள் கூப்பிடப்பட்டன, எத்தனைக்கு வாய்தா, என்ன காரணம் சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வி சாட்சியைத் தடுமாறவைத்தது, சாட்சி சொன்னதற்கும் பதிவானதற்கும் வேறுபாடு இருந்ததா என்று எழுதி வரட்டும். வக்கீல் குமாஸ்தாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வரட்டும். ஒரு கேஸ் கட்டு எப்படிப் பிறந்து எங்கெல்லாம் நகர்கிறது என்பதை அவர் அளவுக்குச் சொல்லித்தரும் புத்தகம் கிடையாது.

இனி மொழி. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு முடித்து வரும் மாணவர்கள் முதல் பருவத்தில் ஆங்கிலத்தின் முன் ஒடுங்கிப்போகிறார்கள். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் ஐந்து ஆண்டும் நீடிப்பதுண்டு. ஆனால் தமிழ்நாட்டு வக்கீலின் அன்றாட வேலையே இரண்டு மொழிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. கட்சிக்காரர் நெல்லைத் தமிழிலோ கொங்குத் தமிழிலோ சொல்வார். கீழமை நீதிமன்றத்தில் தமிழ் செல்லும். உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆங்கிலம். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்னும் நிலைமை மாறவில்லை. ஆகவே கேட்டதைத் தமிழில் எழுதி, அதன் சாரத்தை ஆங்கிலத்தில் வடிப்பதை முதலாண்டுப் பயிற்சியாகவே வைக்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இன்று தமிழிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பொருள் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். தமிழ் வழி மாணவர் முன்வரிசைக்கு வரும் பயிற்சி இது. ஆங்கில வழியில் படித்தவருக்குத்தான் இதில் வியர்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேள்வி கேட்டுப் பாடம் நடத்துவது வேறு, எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்துவது வேறு. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளிலேயே இந்த முறைக்கு அந்தக் கெட்ட பெயர் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால்வைத்த மாணவரை நூறு கண்கள் பார்க்கத் தடுமாறவிட்டால், அவர் மறுநாள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள், அதற்கப்புறம் வகுப்புக்கு முன்னால் பேசச் சொல்லுங்கள். அந்த வரிசையில் போனால் கூச்சப்படுபவர்களும் வாய் திறப்பார்கள்.

"இதெல்லாம் செய்தால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வரையறைகளையும் எளிய பிரிவுகளையும் மாணவர் முன்கூட்டியே படித்துவரட்டும். சிக்கலான இடங்களுக்கு மட்டும் வகுப்பு நேரத்தைச் செலவிடலாம். ஒரு பருவத்தில் நாற்பது வழக்குகளின் பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, எட்டு வழக்குகளை முழுத் தீர்ப்போடு படித்து, சங்கதி என்ன, எழுவினா என்ன, நீதிமன்றம் சொன்ன காரணம் என்ன, அதில் எவ்வளவு பின்னால் வரும் வழக்கைக் கட்டுப்படுத்தும் என்று பிரித்தெழுதப் பழகுவது மேல். அப்படிப் பழகியவர் மீதி முப்பத்திரண்டைத் தானே படித்துக்கொள்வார்.

இன்னொரு கேள்வி, எழுதுவதையெல்லாம் யார் திருத்துவது? என் பார்வையில் முதலாண்டுச் சீர்திருத்தம் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆளுக்கு ஒரே ஒரு பக்கம். ஆசிரியர் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் 15 தாளை மட்டும் எடுத்து, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம். நான்கு சுற்றில் எல்லாருடைய தாளையும் ஒரு முறையாவது பார்த்திருப்பார். மீதித் தாள்களை மாணவர்களே மாற்றிக்கொண்டு, ஆசிரியர் கொடுத்த ஐந்து அளவுகோலை வைத்துத் திருத்தட்டும். எழுவினாவைச் சரியாகப் பிடித்திருக்கிறாரா, பொருந்தும் பிரிவைச் சொல்லியிருக்கிறாரா, சங்கதியோடு அதைப் பொருத்திக் காட்டியிருக்கிறாரா, எதிர்வாதத்துக்குப் பதில் இருக்கிறதா, படிப்பவருக்குப் புரிகிறதா. அடுத்தவர் எழுத்தில் ஓட்டையைக் கண்டுபிடிப்பவர், தன் எழுத்திலும் அதைத் தேடத் தொடங்குவார். திருத்திய தாளை மாணவர் மறுபடி எழுதித் தர வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை. சிவப்பு மைக் குறிப்பைப் படித்து, அதே பக்கத்தை இரண்டாம் முறை எழுதும்போதுதான் கை தேறும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு மாணவர் தானாக எழுதுவார் என்று நம்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய வழக்குகளை உண்மை என்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல்செய்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். இதையே முதலாண்டுப் பயிற்சியாக்கலாம். கருவி எழுதிய ஒரு குறிப்பை மாணவரிடம் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் தேடிச் சரிபார்த்துவரச் சொல்லுங்கள். வகுப்பிலேயே கையால் எழுதும் பக்கங்களும் இருக்கட்டும். சந்தேகப்படும் பழக்கத்தை எவ்வளவு சீக்கிரம் ஊட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. பின்னாளில் அவரை நம்பி வரும் கட்சிக்காரருக்கும் அது பாதுகாப்பு.

கட்சிக்காரர் என்றதும் சட்ட உதவி மையங்கள் நினைவுக்கு வருகின்றன. சட்டக் கல்லூரிகளில் அவற்றை வளர்க்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது. பல கல்லூரிகளில் பெயர்ப்பலகை இருக்கிறது. முதலாண்டு மாணவர் அங்கே ஆலோசனை சொல்லக் கூடாது. அதற்கான தகுதியும் உரிமையும் அவருக்கு இல்லை. ஆனால் மூத்த மாணவருக்கும் வழக்கறிஞருக்கும் பக்கத்தில் அமர்ந்து, வந்தவர் சொல்வதைத் தேதி வரிசையாக எழுதித்தரலாம். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரால் அலைபவர், சம்பளப் பாக்கிக்காக வந்த கட்டடத் தொழிலாளி. இவர்கள் யாரும் தங்கள் பிரச்சினையை ஒப்பந்தம், தீங்கியல், அரசமைப்பு என்று தாள்வாரியாகப் பிரித்துக்கொண்டு வருவதில்லை. முன்னும் பின்னுமாகச் சொல்வார்கள். தேவையில்லாததை விரிவாகச் சொல்லி, முக்கியமானதை மறந்துவிடுவார்கள். குறுக்கே பேசாமல் கேட்டு, அதிலிருந்து சட்டத்துக்குத் தேவையான சங்கதியைப் பொறுக்கியெடுக்கும் திறமை ஒரே நாளில் வராது. ஆகவேதான் அது முதலாண்டிலேயே தொடங்க வேண்டும் என்கிறேன். சொன்னவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற தொழில் நெறியின் முதல் பாடமும் அந்த மேசையிலேயே கிடைத்துவிடும்.

இத்தனை யோசனைகளையும் ஒரே ஆண்டில் ஒரே கல்லூரி செய்ய வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றை மட்டும் தொடங்குவதென்றால் எதைத் தொடங்கலாம் என்று ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டால், அந்த ஒரு பக்க எழுத்தைத்தான் சொல்வேன். பாடத்திட்டத்தை மாற்ற வேண்டாம். பல்கலைக்கழகத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதவைத்து, படித்து, குறிப்புப் போட்டுத் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதவைத்தால் போதும். வகுப்பில் பேச்சு தானாக வரும், பேர் ஆக்ட் தானாகத் திறக்கும்.

வாசகர்களிடம் இப்போது மூன்று வேண்டுகோள்கள்.

சட்ட ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களே, உங்கள் முதலாண்டு வகுப்பில் நன்றாக வேலைசெய்த ஒரே ஒரு பயிற்சியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கையாண்ட வழக்கு, கொடுத்த நேரம், மாணவர் தடுமாறிய இடம் எல்லாம் இருக்கட்டும். வேறொரு ஊரில் வேறொரு ஆசிரியர் மறுநாளே எடுத்து நடத்துகிற அளவுக்கு விவரமாக இருந்தால், வரும் இதழ்களில் வரிசையாக வெளியிடுவோம்.

வழக்கறிஞர்களே, ஜூனியர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்ற உங்கள் அங்கலாய்ப்பு எங்களுக்குப் பழக்கமானது. அருகிலுள்ள கல்லூரியின் முதலாண்டு வகுப்புக்கு ஒரு பருவத்தில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். சொற்பொழிவு வேண்டாம். முடிந்துபோன ஒரு வழக்கின் பிராதைப் பெயர்களை மறைத்து எடுத்துப் போங்கள். இதில் என்ன குறை என்று மாணவர்களைக் கேளுங்கள்; அவர்கள் எழுதிய 10 தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதலாண்டு மாணவர்களே, கல்லூரி தொடங்கிவைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரைப் பற்றி ஒரு தகவல் கேட்பு மனுவை இந்த வாரமே எழுதி அனுப்புங்கள். வந்த பதிலையும், வராவிட்டால் நீங்கள் எழுதிய மேல்முறையீட்டையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். மதிப்பெண் போட மாட்டோம். படித்துப் பார்த்து, ஓரத்தில் குறிப்பெழுதி, உங்கள் முகவரிக்கே திருப்பி அனுப்புவோம்.

அன்புடன்,
ஆசிரியர்